விழுந்தவர்களை விசாரித்த டாக்டர்

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பாராட்டும் இல்லை, வசவும் இல்லை, வெறும் கணக்கு. என்னுடைய நாவல்களில் இதுவரை நாலு பாட்டிகளும் ஒரு தாத்தாவும் வழுக்கி விழுந்திருக்கிறார்களாம். மூன்று பேர் கிணற்றடியில், ஒருவர் மாடிப்படியில், ஒருவர் கோயில் பிராகாரத்தில். ஐந்து பேரும் படுத்த படுக்கையாகி, அதிகம் போனால் இரண்டு அத்தியாயங்களுக்குள் கண்ணை மூடிவிட்டார்கள். ‘இவர்களெல்லாம் ஏன் விழுந்தார்கள் என்று நீங்கள் ஒரு தடவையாவது யோசித்ததுண்டா?’ என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார் அந்த அம்மாள்.

யோசித்ததில்லை என்பதுதான் உண்மை. கதை எழுதுகிறவனுக்குக் கிழவர்களின் வீழ்ச்சி மிகவும் சௌகரியமான ஒரு ஏற்பாடு. சொத்தைப் பங்கு பிரிக்க வேண்டுமா, பிரிந்த பிள்ளைகளை ஒரே கூடத்தில் கூட்ட வேண்டுமா, பட்டணத்து மருமகளின் மனம் இளக வேண்டுமா? பாட்டியின் காலை வாரிவிட்டால் போதும். வாசகர்களும் ஏன் என்று கேட்பதில்லை. வயதானவர்கள் விழுவார்கள், பழுத்த இலை உதிர்வதுபோல அதுவும் ஒன்று என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

கடிதம் உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்த பிறகு கொஞ்சம் ஆறுதல் ஏற்பட்டது. யோசிக்காதவன் நான் மட்டும் இல்லை. வைத்திய உலகமும் வெகுகாலம் யோசிக்காமலேதான் இருந்திருக்கிறது. எலும்பு உடைந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றிப் பெரிய பெரிய மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்த எலும்புக்குச் சொந்தக்காரர் எதற்காக விழுந்தார் என்று கேட்க ஆள் இல்லை.

விழுவதில் ராஜா என்றும் ஆண்டி என்றும் பேதம் கிடையாது. பிராக் நகரத்துக்குப் போய் வந்தவர்கள் அங்கே உள்ள பழைய கல் பாலத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அதற்கு அஸ்திவாரம் இட்டவர் நான்காம் சார்லஸ் சக்கரவர்த்தி. அந்த நகரத்தின் சர்வகலாசாலையை 1348-ம் ஆண்டில் நிறுவியவரும் அவரே. புனித ரோமானியப் பேரரசுக்கு அதிபதி. 1378-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தமது 62-ம் வயதில் காலமானார். போர்க்களத்திலும் அல்ல, சதியாலும் அல்ல. இருபதாம் நூற்றாண்டில் அவருடைய எலும்புகளை எடுத்துப் பரிசோதித்த அறிஞர்கள் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருப்பதைக் கண்டார்கள். விழுந்திருக்கிறார், படுத்திருக்கிறார், படுத்த இடத்தில் நுரையீரலில் சளி கட்டி ஜுரம் கண்டு போய்விட்டார் என்பது அவர்களுடைய முடிவு. என் இரண்டாவது நாவலில் வரும் பாட்டிக்கும் இதே கதிதான். சக்கரவர்த்திக்குக் கூடுதலாகக் கிடைத்தது விமரிசையான சவ ஊர்வலம் ஒன்றுதான்.

தொடை எலும்பின் கழுத்து என்று சொன்னேன். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் ஒரு பந்துபோல முடிகிறது. அந்தப் பந்தையும் எலும்பையும் இணைக்கும் குறுகிய பாகந்தான் கழுத்து. நம் வீடுகளில் ‘இடுப்பு உடைந்துவிட்டது’ என்று சொல்வோமே, அநேகமாக அது இந்தக் கழுத்தில் ஏற்படும் முறிவுதான். இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஆஸ்ட்லி கூப்பர் என்ற லண்டன் சர்ஜன். நான்காம் ஜார்ஜ் மன்னரின் தலையிலிருந்த கட்டியை அறுத்து அகற்றியவர் இவர். 1822-ம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், இந்தக் கழுத்து மூட்டின் உறைக்குள்ளே முறிந்தால் மறுபடி கூடுவதில்லை என்றும், முறிந்த துண்டுக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேராததே காரணம் என்றும் விளக்கினார். பெண்களுக்குத்தான் இது அதிகம், ஐம்பது வயதுக்குக் கீழே அபூர்வம் என்றும் கவனித்திருந்தார்.

கூப்பருடைய புத்தகத்தில் வைத்தியத்தைவிட என்னைக் கவர்ந்தது வேறொரு விஷயம். லண்டனில் இந்த முறிவு பெரும்பாலும் எப்படி ஏற்படுகிறது என்பதையும் அவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். உயரமான நடைபாதையின் ஓரத்தில் நடந்து வருகிறவர் வண்டிப்பாதையில் சறுக்கிவிடுகிறார், சில அங்குலம் இறங்குவதுதான். அவ்வளவு அற்பமான சறுக்கலில் எலும்பு முறிந்துபோகிறது. தெருவைப் பார்த்த கண் அது. ஆனால் அந்தக் கண் அங்கேயே நின்றுவிட்டது. நடைபாதையின் விளிம்பை என்ன செய்யலாம் என்று அவரும் கேட்கவில்லை.

ஒரு காரியத்தில் மட்டும் கூப்பர் தம் காலத்தை மீறி நின்றார். உடைந்த காலை மாதக்கணக்கில் கட்டிப்போட்டுப் படுக்கையில் கிடத்துவது அன்றைய முறை. அப்படிக் கிடந்தவர்கள் முறிவினால் சாகவில்லை, படுக்கையினால் செத்தார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. காலுக்கடியில் ஒரு தலையணை, பத்துப் பதினைந்து நாள் ஓய்வு, பிறகு உயரமான நாற்காலியில் உட்காரவை, அப்புறம் கக்கத்தில் ஊன்றுகோலைக் கொடுத்து நடக்கவிடு என்றார். எலும்பு கூடாவிட்டால் போகிறது, மனுஷர் பிழைக்கட்டும் என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சி ஜயிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1931-ம் ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் ஸ்மித்-பீட்டர்சன் என்ற நிபுணர் முறிந்த கழுத்தை உள்ளே வைத்துத் தைப்பதற்கு ஓர் உலோக ஆணியைப் பற்றி எழுதினார். மூன்று சிறகு வைத்த ஆணி. எலும்புக்குள் திரும்பாமல் நிற்கும். அதன் பிறகு உலோகப் பந்து வந்தது, செயற்கை மூட்டு வந்தது. இன்று உடைந்து வருகிறவரை அதிகத் தாமதம் இல்லாமல் ஆபரேஷன் செய்து, கூடியவரை மறுநாளே எழுப்பி நிற்கவைக்கிறார்கள். தச்சுவேலையின் சரித்திரம் இது. சுவையானதுதான், ஆனால் இந்தக் கட்டுரையின் விஷயம் அதுவல்ல.

படுக்கையின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1935-ம் ஆண்டில் லண்டன் அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரிக்கு, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளும் சேர்ந்து வந்தார்கள். 714 படுக்கைகள். மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. எத்தனையோ வருஷங்களாக ஒரே கட்டிலில் கிடந்தவர்கள். எதற்காகக் கிடக்கிறார்கள் என்பதே பலர் விஷயத்தில் மறந்துபோயிருந்தது. வாரன் அம்மையார் ஒவ்வொருவரையும் புதிதாகப் பரிசோதித்தார். சுவர்களுக்கு வெளிச்சமான வர்ணம் பூசச் செய்தார். கிடந்தவர்களை உட்காரவைத்தார், உட்கார்ந்தவர்களை நிற்கவைத்தார், நின்றவர்களில் பலரை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். ‘படுக்கைக்குப் போவதன் அபாயங்கள்’ என்ற தலைப்பில் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் டாக்டர் ஒரு கட்டுரை எழுதியது 1947-ம் ஆண்டில். படுக்கையினால் நுரையீரலுக்கு என்ன கேடு, ரத்தக் குழாய்க்கு என்ன கேடு, எலும்புக்கும் மூட்டுக்கும் என்ன கேடு என்று அங்கம் அங்கமாக அடுக்கிப் படுக்கையின்மேல் குற்றப்பத்திரிகையே வாசித்துவிட்டார். கட்டிலில் கிடத்தி வைப்பதைக் கருணை என்று நம்பியிருந்தவர்களுக்கு அது நல்ல அடி.

முதியோருக்கென்று தனி வைத்தியம் வேண்டும் என்று சொல்லி அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் சூட்டியவர் நியூயார்க் டாக்டர் நாஷர். அது 1909-ம் ஆண்டு. நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கியது 1978-ல். இந்தியாவிலேயே அதுதான் முதலாவது.

இனி நம் கதாநாயகருக்கு வருகிறேன்.

இங்கிலாந்தின் மத்தியில் வுல்வர்ஹாம்டன் என்று ஓர் ஊர். இரும்புக்கும் பூட்டுக்கும் பேர்போனது. திண்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் தப்பில்லை. அந்த ஊரின் ராயல் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர் ஜோசப் ஹெரால்ட் ஷெல்டன். 1893-ல் பிறந்தவர். உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மீறித் தங்கிவிடும் ஒரு வியாதியைப் பற்றி 1935-ல் பெரிய புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியிருந்தார். அதோடு நின்றிருந்தாலும் வைத்திய சரித்திரத்தில் அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

இரண்டாவது மகாயுத்தம் முடிந்த சமயம். ஆஸ்பத்திரிக்கு வரும் கிழவர்களைத்தான் டாக்டர்களுக்குத் தெரியும். வராத கிழவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. யுத்தகாலத்து ரேஷன் பதிவேடுகளில் ஊரார் பெயரெல்லாம் இருந்தன. அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த முதியவர்களை வீடு தேடிப்போய் விசாரித்தார்கள். நானூற்றுச் சொச்சம் பேர். எப்படிச் சமைக்கிறீர்கள், யார் கடைக்குப் போகிறார்கள், மாடிப்படி ஏற முடிகிறதா, இருட்டில் எப்படி நடக்கிறீர்கள் என்று கேள்விகள். 1948-ல் அது புத்தகமாக வந்தது. வீட்டுக்கு வீடு கேட்ட ஒரு விஷயம் ஷெல்டனின் மனத்தில் தைத்துவிட்டது. எல்லாரும் விழுகிறார்கள். விழுந்ததை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1960-ம் ஆண்டு டிசம்பரில், பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. கட்டுரையின் ஆரம்பத்திலேயே, முதியவர்கள் விழுவது அவ்வளவு சர்வசாதாரணமாகப் போய்விட்டதால், அதைப் பற்றி ஆவல் கொள்வதையே மனிதர்கள் விட்டுவிட்டார்கள் என்று எழுதுகிறார். எனக்கு வந்த கடிதத்தின் கேள்வியும் இதுதானே! அந்த வரியைப் படித்தபோது, அறுபது வருஷத்துக்கு முற்பட்ட ஒரு டாக்டர் என் காதைப் பிடித்துத் திருகியதுபோல் இருந்தது.

அவர் செய்தது மிக எளிய காரியம். விழுந்தவர்களைக் கேட்டார். 202 பேர், 500 வீழ்ச்சிகள். எங்கே நின்றீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்தப் பக்கம் திரும்பினீர்கள், முன்கூட்டி ஏதாவது தெரிந்ததா, எப்படி எழுந்தீர்கள்? போலீஸ்காரர் விசாரிப்பதுபோல விசாரித்து, 500-ஐயும் தரம் பிரித்தார்.

வெறும் விபத்து என்று சொல்லத்தக்கவை 171. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாடிப்படியில் நடந்தவை. மாடிப்படி என்றால் உச்சியிலிருந்து உருண்டு வருவதை நினைத்துக்கொள்கிறோம். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. ஷெல்டனிடம் பலர் சொன்னது வேறு. இறங்கி வரும்போது, படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைக்கிறார்கள். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. அந்தக் கடைசிப் படியில்தான் விழுகிறார்கள். படிக்கட்டில் வெளிச்சம் போதாது, கைப்பிடி இருந்தாலும் கடைசிவரை வராது. இதைப் படித்ததும் எழுந்து போய் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படியைப் பார்த்தேன். கைப்பிடி கீழிருந்து இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறது. கொத்தனார் அழகுக்காக ஓர் உருண்டை வைத்து முடித்திருக்கிறார்.

கால் தடுக்கி விழுந்தவை 53. வயதானால் பாதம் தரையை விட்டு எழும்பும் உயரம் குறைந்துவிடுகிறது. கம்பளத்தின் மடிப்பு போதும். தலை சுற்றி விழுந்தவை 37. மூளையிலும் நரம்பிலும் புதிதாக ஏற்பட்ட கோளாறினால் 27. தலையை அண்ணாந்ததால் விழுந்தவை 20. உயரத்தில் இருப்பதை எடுக்கப் போவது, மேலே பார்ப்பது, இப்படி. உட்கார்ந்தோ படுத்தோ இருந்தவர் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்தவை 18. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் சட்டென்று கால்பக்கம் இறங்கிவிடுகிறது. வாலிபத்தில் இருதயமும் ரத்தக் குழாய்களும் கண் இமைக்கும் நேரத்தில் அதைச் சரிக்கட்டிவிடும். முதுமையில் சிலருக்கு அதற்குள் தரை வந்துவிடுகிறது. கால் பலவீனத்தால் 16, கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ விழுந்தவை 10, காரணம் விளங்காதவை 23.

கூட்டிப் பார்த்தவர்கள் ஒரு பெரிய தொகை குறைவதைக் கண்டிருப்பீர்கள். 125 வீழ்ச்சிகளை வேறு எதிலும் சேர்க்க முடியவில்லை. நடந்துகொண்டே இருக்கிறார்கள், தலைசுற்றல் இல்லை, மயக்கம் இல்லை, தடுக்கவும் இல்லை, கால் இரண்டும் திடீரென்று கைவிட்டுவிடுகின்றன. தரையில் கிடக்கும்போது நல்ல நினைவு இருக்கிறது. இவற்றுக்கு ஷெல்டன் தனிப் பெயர் கொடுத்தார். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், இவர்களில் சிலருக்கு இருதயம் சில விநாடிகள் நின்று போயிருக்கலாம், அந்த மயக்கம் அவர்களுக்கே நினைவிருக்காது என்றார்கள். 2001-ல் நியூகாஸில் டாக்டர்கள் அப்படிப்பட்டவர்களுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துப் பார்த்ததில் வீழ்ச்சிகள் வெகுவாகக் குறைந்தன. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், பிந்திய பரிசோதனை ஒன்றில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. 125-ன் மர்மம் முழுவதும் அவிழ்ந்துவிட்டதென்று இன்றும் சொல்வதற்கில்லை.

ஷெல்டன் அதோடும் விடவில்லை. மனிதன் அசையாமல் நிற்கிறான் என்று நாம் சொல்வது பொய் அல்லவா? நிற்கும்போதெல்லாம் உடம்பு மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறது. கண், காதுக்குள்ளிருக்கும் சமநிலைக் கருவி, பாதமும் மூட்டுகளும் அனுப்பும் செய்தி ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு மூளை ஓயாமல் நிமிர்த்திக்கொண்டிருக்கிறது. இந்த ஆட்டத்தை ஷெல்டன் பல வயதினரிடமும் அளந்து 1963-ல் வெளியிட்டார். குழந்தைகள் அதிகமாக ஆடுகிறார்கள். வளர வளர ஆட்டம் அடங்குகிறது. முதுமையில் மறுபடியும் கூடுகிறது. காதும் பாதமும் மங்கிய பிறகு கிழவர்கள் கண்ணை நம்பியே நிற்கிறார்கள். விளக்கை அணைத்தால் அந்தக் கடைசித் துணையும் போய்விடுகிறது.

இந்த இடத்தில் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெரியம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடப் போனவள் ஈரத்தில் உட்கார்ந்தாற்போல் விழுந்துவிட்டாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வீட்டில் இருந்த நாங்கள் ஆறு பேரும் அன்றைக்கு எடுத்த தீர்மானம் பலமானது. “நீங்க இனிமேல் ஒண்ணுக்கும் எழுந்திருக்க வேண்டாம் பெரியம்மா. என்ன வேணுமோ கூப்பிடுங்க, கொண்டு வந்து தர்றோம்” என்று சொல்லிவிட்டோம். வாசல் கோலம் வேலைக்காரியிடம் போயிற்று. கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் போயிற்று. கோயிலுக்குப் போவது நின்றது. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் எங்களைப் புகழ்ந்தார்கள். பெற்ற பிள்ளைகள்கூட இப்படித் தாங்கமாட்டார்கள் என்றார்கள்.

எட்டு மாதத்தில் பெரியம்மாவால் யார் தோளையும் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “அன்னிக்கு விழுந்தப்போ எனக்குப் பயமே இல்லைடா. சிரிப்புத்தான் வந்தது. நீங்கள்லாம் பயந்து பயந்துதான் எனக்கும் பயம் வந்துட்டுது.” நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அடுத்த ஆடியில் அவள் போய்விட்டாள். முறிவு இல்லாமலே படுத்த படுக்கையாகிப் போனாள்.

1988-ம் ஆண்டில் அமெரிக்காவில் நியூஹேவன் நகரத்தில் மேரி டினெட்டி என்ற டாக்டர் வெளியிட்ட ஆராய்ச்சியைப் படித்தபோது பெரியம்மாவின் குரல்தான் காதில் கேட்டது. எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட 336 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்தார். 108 பேர் விழுந்தார்கள், மூன்றில் ஒருவர். அவர்களில் நாலில் ஒருவருக்குப் பலத்த அடி. எலும்பு முறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் விழுந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மறுபடி விழுவோமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. நாலில் ஒருவர் அந்தப் பயத்தில் வெளியே போவதையும் வேலை செய்வதையும் குறைத்துக்கொண்டார்கள். பயந்தவர் நடக்கமாட்டார், நடக்காதவரின் தொடைத் தசை கரையும், தசை கரைந்தவர் விழுவார். டினெட்டி இந்தப் பயத்தை அளப்பதற்கே ஒரு வினாத்தாள் தயாரித்தார்.

வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றல்ல என்பதையும் அவர் கணக்கோடு காட்டினார். தூக்க மாத்திரை, மறதி, கால் பலவீனம், பாதக் கோளாறு, தள்ளாட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அபாயம் ஏறுகிறது. ஒன்றுமே இல்லாதவர்களில் நூற்றுக்கு 8 பேர் விழுந்தார்கள். நாலும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 78 பேர். காரணங்கள் பல என்றால் ஒன்றிரண்டையாவது கழற்றிவிடலாமே! 1994-ல் அதையும் செய்து பார்த்தார். மருந்தைக் குறைத்து, தேகப்பயிற்சி கொடுத்து, வீட்டைச் சரிசெய்து கொடுத்த கூட்டத்தில் ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 35 பேர் விழுந்தார்கள். சும்மா விட்ட கூட்டத்தில் 47 பேர். பிரமாதமான வெற்றி இல்லை. ஆனால் விழுவது விதி அல்ல என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

இந்த ஆராய்ச்சிகளில் கதாசிரியனுக்குத் தீனி ஏராளம். ஸ்வீடன் தேசத்து உமேயா நகரத்தில் முதியோர் விடுதி ஒன்றில் 58 பேரோடு கூடவே நடந்து, நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் நடந்தபடியே பதில் சொன்னார்கள். 12 பேர் மட்டும் நின்றுவிட்டுப் பேசினார்கள். ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். 1997-ல் வெளிவந்த செய்தி இது. நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிவிடுகிறது, பேசுவதற்குப் பாக்கி இல்லை. நம் ஊர்த் தெருவில் பெரியவர் ஒருவர் பேச வேண்டுமென்றால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று பேசுவார். அதை நான் கம்பீரம் என்று ஒரு கதையில் வர்ணித்திருக்கிறேன்.

இன்னொன்று என் தொழிலுக்கே உலை வைத்துவிட்டது. கனடாவில் வான்கூவர் பக்கத்து முதியோர் இல்லங்களில் பொதுக் கூடங்களிலும் நடைகளிலும் காமிரா பொருத்தியிருந்தார்கள். 130 பேர் விழுந்த 227 சம்பவங்கள் அவற்றில் பதிவாயின. 2013-ல் வெளியான அந்தக் கணக்கில் வழுக்கி விழுந்தவர்கள் எத்தனை தெரியுமா? நூற்றுக்கு மூன்று! தடுக்கி விழுந்தவர்கள் 21. மிக அதிகம், 41 பங்கு, உடம்பின் பாரத்தைத் தவறாக மாற்றியதால் விழுந்தவை. திரும்பும்போது, உட்காரப் போகும்போது, சும்மா நிற்கும்போதுகூட, பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகிற அந்தக் கணத்தில் விழுந்துவிடுகிறார்கள். அங்கே தரை உலர்ந்த தரை. பாசி பிடித்த கிணற்றடிகள் வான்கூவரில் இல்லை என்று நான் வாதாடலாம். இருந்தாலும் ‘வழுக்கி விழுந்தாள்’ என்று எழுதப் பேனா இனிமேல் தயங்கத்தான் செய்யும்.

தடுப்பதற்கு வழி என்ன என்று கேட்டால், மிகச் சாதாரணமான விடை நியூஜீலந்திலிருந்து வந்தது. டனீடன் நகரத்தில் ஒட்டாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் காம்ப்பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். எண்பது வயதுக் கிழவிகளுக்குத் தேகப்பயிற்சி! கணுக்காலில் சிறு எடையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, பெருவிரலுக்கு முன் குதிகால் வைத்து அடிமேல் அடியாக நடப்பது, பின்பக்கமாக நடப்பது. வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர் வீட்டுக்கே வந்து போனார். ஒரு வருஷ முடிவில், பயிற்சி செய்யாத கூட்டத்தில் 152 வீழ்ச்சிகள்; செய்த கூட்டத்தில் 88. இது 1997-ல். பெரியம்மாவைக் கோலம் போட விட்டிருந்தால் குனிந்து நிமிர்ந்து இதில் பாதியைத் தினமும் செய்திருப்பாள்.

எல்லா முயற்சியும் பலித்தது என்று நினைக்க வேண்டாம். எலும்புக்கும் தசைக்கும் நல்லதென்று வைட்டமின் டி-யை வருஷத்துக்கு ஒரே தடவையாகப் பெரிய அளவில் ஆஸ்திரேலியப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகமாக விழுந்திருந்தார்கள்! அமெரிக்காவில் 5,451 பேரை வைத்து, டினெட்டியின் வழியைப் பின்பற்றி நர்சுகளைக் கொண்டு நடத்திய மிகப் பெரிய பரிசோதனையின் முடிவு 2020-ல் வெளியாயிற்று. பலத்த காயங்கள் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, வருஷத்துக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கே அந்த அபாயம் மிக அதிகம். விபத்துச் சாவுகளில் தெருவிபத்துக்கு அடுத்தபடி இதுதான்.

அந்த டனீடன் டாக்டர்களே 1999-ல் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். தூக்கத்துக்கும் மனக் கலக்கத்துக்கும் மாத்திரை சாப்பிட்டுவந்த முதியவர்கள் சிலருக்கு, அவர்கள் சம்மதத்தின்பேரில், மாத்திரைக்குள்ளிருந்த மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்து, பதினாலு வாரத்தில் வெறும் உறையாக்கிவிட்டார்கள். வீழ்ச்சி நூற்றுக்கு 66 பங்கு குறைந்தது. எந்தப் பயிற்சியும் எந்தக் கைப்பிடியும் இவ்வளவு பலன் தந்ததில்லை. ஆராய்ச்சி முடிந்தது, உங்கள் மாத்திரையில் இத்தனை நாளாக மருந்தே இல்லை என்று சொன்னார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்த 17 பேரில் 8 பேர் ஒரே மாதத்துக்குள் டாக்டரிடம் போய்ப் பழைய மாத்திரையைத் திரும்ப எழுதி வாங்கிக்கொண்டார்கள்.